ஆடும் ஓநாயும் ஆழ்துளைக் கிணறும்

1991-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில் ஒரு கட்டளை பிறப்பித்தார்கள். சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவு பள்ளிக்கூடம் முதல் கலாசாலை வரையில் கட்டாயப் பாடமாகப் போதிக்கப்பட வேண்டுமென்பது அதன் சாரம். கட்டளை ஏட்டளவில் நின்றமையால் 2003 டிசம்பர் 18-ந் தேதி கோர்ட்டார் மீண்டும் அதனை வற்புறுத்த நேர்ந்தது. இன்று பாடம் இருக்கிறது; பாடப் புஸ்தகம் இருக்கிறது; பரீட்சையும் மார்க்கும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாடத்தினால் மாணாக்கனுக்குத் தன் ஊர்க் கிணற்றைப் பற்றியும் தன் வீட்டு ஆட்டைப் பற்றியும் புதிதாக ஏதேனும் விளங்கியிருக்கிறதா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

தர்மபுரி ஜில்லாவிலுள்ள நல்லம்பள்ளியை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து தர்மபுரிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த தாலுகா தலைமையிடம் அது. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் நிலக்கடலையும் மாவும் புளியும் அப்பிரதேசத்தின் விளைபொருள்கள். காவேரி இதே ஜில்லாவின் எல்லையில் ஒகேனக்கலில் ஆர்ப்பரித்து விழுந்தாலும், மேட்டு நிலத்துக் கிணறுகளை அவ்வெள்ளம் நனைப்பதில்லை. மழை பொய்த்தால் ஏழைக் குடியானவனுக்குக் கைகொடுப்பது ஆடு ஒன்றே. வாரந்தோறும் கூடும் நல்லம்பள்ளிச் சந்தையில் ஆட்டு வியாபாரம் பிரசித்தமாக நடப்பதன் காரணமும் இதுவே.

இவ்வூர்ப் பள்ளியில் பயிலும் மாணாக்கன் பரீட்சையில் "புல், ஆடு, ஓநாய்" என்று எழுதி, இடையே அம்புக் குறியிட்டு, உணவுச் சங்கிலியை விளக்கி முழு மார்க்கு வாங்கிவிடுகிறான். ஆயினும் வறட்சி வருஷத்தில் சந்தைக்கு வரும் ஆடுகள் ஏன் பெருகுகின்றன, அவற்றின் விலை ஏன் சரிகிறது, அடுத்த காட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு இறக்கினால் தன் வீட்டுக் கிணற்றில் ஏன் நீர் இறங்குகிறது என்று கேட்டால் விழிக்கிறான். குற்றம் அவனுடையதன்று. புஸ்தகத்திலுள்ள அம்புக் குறி அசைவதில்லை. உயிர்களும் மண்ணும் நீரும் ஒன்றையொன்று மாற்றி, அம்மாற்றத்தினால் தாமும் மாறுகின்ற விதத்தைக் கூறுவது சூழலியல். காலத்தோடு ஓடும் இந்த சாஸ்திரத்தைக் கரும்பலகையில் நிறுத்தி வைத்துக் காட்ட முயல்வதே நமது பாட முறையின் குறை.

இக்குறையைத் தீர்க்க மேனாட்டார் கையாளும் உபாயங்களில் ஒன்று கம்ப்யூட்டர் பாவனை விளையாட்டு. அதனை நம் பள்ளிகளில் கையாளலாமா, கையாண்டால் எவ்விதம் என்பதை இங்கு ஆராய்வோம்.

மீன் சந்தையிலிருந்து பிறந்த கணக்கு

இவ்விளையாட்டுகளின் மூலக் கணக்கு ஒரு சந்தையிலிருந்தே பிறந்தது என்பதை வாசகர்கள் அறிந்தால் வியப்புறுவார்கள். முதல் உலக மகா யுத்தத்தின்போது ஏட்ரியாடிக் கடலில் மீன்பிடித் தொழில் வெகுவாகக் குன்றிப்போயிற்று. இத்தாலிய ஜீவ சாஸ்திரியான உம்பெர்த்தோ தான்கோனா அக்கடலோரத்து மீன் சந்தைகளின் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். ஃப்யூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீன்களில் சுறா முதலிய வேட்டை மீன்களின் பங்கு 1914-ல் நூற்றுக்கு 12 ஆக இருந்தது. 1918-ல் 36 ஆக உயர்ந்தது. யுத்தம் முடிந்து வலைகள் மீண்டும் கடலில் இறங்கியபின் 1923-ல் 11-க்கு இறங்கிவிட்டது. மீன்பிடித்தல் குறைந்தால் எல்லா மீன்களும் ஒரே விகிதத்தில் பெருகவேண்டியதுதானே? வேட்டை மீனுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

இக்கேள்வியைத் தான்கோனா தமக்கு மாமனாராக வாய்த்த கணித மேதை வித்தோ வோல்ட்டெர்ராவிடம் கொண்டு சென்றார். வோல்ட்டெர்ரா 1926-ல் விடை கண்டார். அமெரிக்காவில் ஆல்பிரட் லோட்கா என்பவர் அதற்கு முந்திய வருஷமே தனியாக அதே சமன்பாட்டை எட்டியிருந்தார். இரை பெருகினால் வேட்டைப் பிராணி பெருகும். வேட்டைப் பிராணி பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் வேட்டைப் பிராணி பட்டினியால் குறையும். பின்னர் இரை மறுபடியும் தலையெடுக்கும். இவ்விதம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். இரண்டையும் ஒருங்கே கொல்லும் ஒரு கை நடுவில் நுழைந்தால் முடிவில் இரைக்கே லாபம். அந்தக் கை விலகினால் வேட்டைப் பிராணிக்கே லாபம். யுத்தத்தில் விலகிய அக்கைதான் மீனவர் வலை.

இத்தத்துவம் கடலோடு நிற்பதன்று. பயிரைத் தின்னும் பூச்சியையும் அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியையும் ஒரே மருந்தினால் கொல்லும் விவசாயி, சில வாரங்களில் முன்னிலும் அதிகமான பூச்சியைத் தன் வயலில் காண்பதற்கும் இதுவே காரணமாகலாம். தர்மபுரி ஜில்லாவின் தக்காளித் தோட்டக்காரருக்குப் பிரயோஜனமான இந்த அறிவை, உயர்தரக் கணிதம் கற்றவர்கள் மட்டுமே அறியும்படி இத்தனை காலமாகப் பூட்டி வைத்திருந்தோம். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியாகக் கம்ப்யூட்டர் உதவக்கூடும்.

திரையில் மேயும் மந்தை

அமெரிக்காவில் யூரி விலென்ஸ்கி என்னும் ஆசிரியர் 1997-ல் ஓநாய்-ஆடு பாவனை ஒன்றை அமைத்தார். 1999-ல் அவர் வெளியிட்ட "நெட்லோகோ" என்னும் சாதனத்தின் மூலம் அது உலகெங்கும் பள்ளிகளுக்கும் கலாசாலைகளுக்கும் பரவியது. திரையில் ஒரு மேய்ச்சல் வெளி தோன்றுகிறது. அதில் ஆடுகளும் ஓநாய்களும் இஷ்டம்போல் திரிகின்றன. ஒவ்வோர் அடிக்கும் ஓநாய்க்குச் சிறிது பலம் குறைகிறது. இரை கிடைத்தால் பலம் கூடுகிறது. பலம் தீர்ந்தால் மடிகிறது. ஓநாய்களும் ஆடுகளும் இவ்வளவு விகிதத்தில் குட்டி போடும் என்பதை மாணாக்கனே நிர்ணயித்துப் பொத்தானை அழுத்தலாம். கீழே ஒரு கோட்டுப்படம் கணத்துக்குக் கணம் எண்ணிக்கையை வரைந்துகொண்டே போகிறது.

முதலில் புல் என்றுமே தீராது என்று வைத்துக்கொண்டு ஆடினால் ஆட்டம் நிலைப்பதில்லை. ஓநாய்கள் எல்லா ஆடுகளையும் தின்று தீர்த்துத் தாமும் மடியும். அல்லது ஓநாய்கள் முதலில் மடிய, ஆடுகள் கணக்கின்றிப் பெருகும். பின்பு மேய்ந்த இடத்தில் புல் மறுபடி முளைக்கச் சிறிது காலம் பிடிக்கும், புல் கிடைக்காத ஆடும் பலம் குன்றி மடியும் என்னும் விதிகளைச் சேர்த்தால் மூன்றும் ஏறி இறங்கி நெடுங்காலம் வாழ வழி ஏற்படுகிறது. மந்தையைக் காப்பது ஓநாய் இல்லாமை என்று எண்ணியிருந்த சிறுவன், புல் முளைக்கும் வேகமே மந்தைக்கு வரம்பிடுகிறது என்பதைத் தன் கையால் கண்டுபிடிக்கிறான். உபாத்தியாயர் சொல்லிக் கேட்ட உண்மையைவிடத் தானே தோற்றுக் கற்ற உண்மை ஆழப் பதியுமல்லவா?

ஆனால் நமது காரியம் இதோடு முடிந்துவிடவில்லை. நல்லம்பள்ளிச் சிறுவனின் ஆட்டை ஓநாய் கொண்டுபோவதில்லை, சந்தை கொண்டுபோகிறது. ஓநாய்க்கும் சந்தைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஆடு குறைந்தால் ஓநாய் பட்டினி கிடந்து சாகும். சந்தை சாவதில்லை, விலையை ஏற்றிக் கொடுத்து எஞ்சிய ஆட்டையும் வாங்கும். மழை பொய்த்துத் தீவனம் தீர்ந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க ஓடிவருவார்கள். அப்போது சந்தை மலிந்த விலைக்கு வாங்கும். இந்த விதியை எழுதினால் அந்தக் கோட்டுப்படம் வேறு உருவம் கொள்ளும். திரையிலுள்ள புல் குறித்த காலத்தில் தவறாமல் முளைக்கிறது; தொப்பூர் மலைச்சாரலில் புல் மழையைக் கேட்டுத்தான் முளைக்கும். சீமைக் கருவேலின் காயை ஆடு தின்றால் விதை சாணத்தோடு விழுந்து வேறிடத்தில் முளைக்கிறது. மேயும் ஆடே தன் மேய்ச்சல் வெளியை முள்ளாக மாற்றிவிடக்கூடும். இவற்றையெல்லாம் நம்மூர் மாணாக்கன் அறிவான். இந்த விதிகளைத் தானே சேர்த்து எழுதும்படி அவனை விட்டால், அன்னியர் செய்த பொம்மை அவனுடைய ஆராய்ச்சிக் கருவியாகிவிடும்.

விதியை எழுதுகிறவன் யார்?

இங்கேதான் தேச ஊழியர்கள் கவனிக்கவேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. விளையாட்டின் விதியை எழுதுகிறவன் பாடத்தின் முடிவையும் எழுதிவிடுகிறான். ஆடு மேய்ந்தால் காடு அழியும் என்று மட்டும் விதி செய்த ஒரு விளையாட்டை நமது பள்ளியில் வைத்தால், ஆடு மேய்ப்பவரின் மகன் தன் தகப்பனாரைக் குற்றவாளியாகக் கருதக் கற்றுக்கொள்வான். இது கற்பனைப் பயமன்று. 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டார் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தபோது மலையோர ஜனங்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் அத்தடை பொருந்தும்படி பின்னர் கட்டளை திருத்தப்பட்டது. எத்தனை ஆடு, எந்தப் பருவத்தில், எவ்வளவு நாள் மேய்ந்தால் காடு தாங்கும் என்பது அளந்து அறியவேண்டிய விஷயம். அளக்கும் பழக்கத்தை வளர்க்கும் விளையாட்டு வேண்டும்; தீர்ப்பை முன்னதாகவே எழுதிவைத்த விளையாட்டு வேண்டாம்.

பொதுச் சொத்தைப் பற்றிய இன்னொரு விவாதமும் இதனோடு சேர்ந்ததே. காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்கர் 1968-ல் எழுதிய கட்டுரையில், பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்றார். ஒவ்வொருவனும் தன் லாபத்துக்காக ஒரு மாடு அதிகம் விடுவான் என்பது அவர் வாதம். எலினோர் ஆஸ்ட்ராம் அம்மையாரோ பல தேசங்களில் ஜனங்கள் கூடிப் பேசி, விதி செய்து, மீறியவனைத் தண்டித்துப் பொதுச் சொத்தைத் தலைமுறைகளாகக் காத்துவந்ததை எடுத்துக்காட்டி 2009-ல் நோபல் பரிசு பெற்றார். ஏரிக்கரையைக் குடிகளே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கத்தை அறிந்த தமிழருக்கு அம்மையாரின் முடிவு புதிதன்று. அவ்வழக்கம் தளர்ந்த காலத்தில் அதைச் சட்டத்தினால் தாங்கிப் பிடிக்க 1858-ல் சென்னை ராஜதானியார் கட்டாய உழைப்புச் சட்டம் செய்ததும், 2017-ல் தமிழக சர்க்கார் அதே பெயரில் ஏரி மராமத்துத் திட்டம் தொடங்கியதும் இச்சரித்திரத்தின் பகுதிகள். ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்று விதி வைத்தால் ஹார்டின் ஜயிப்பார். பேசலாம் என்று விதி வைத்தால் ஆஸ்ட்ராம் ஜயிக்கக்கூடும். மாணாக்கர் இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்கவேண்டும்.

ஆந்திரத்தில் ஆடிய ஆட்டம்

இவ்விதம் ஆடிப் பார்த்த அனுபவம் நமது அண்டை ராஜ்யத்திலேயே உண்டு. சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் ஸ்தாபனத்தாரும், ரூத் மைன்சன்-டிக், மார்கோ ஜான்சன் முதலிய ஆராய்ச்சியாளர்களும் ஆந்திரக் கிராமங்களில் நிலத்தடி நீர் விளையாட்டு ஒன்றை நடத்தி, அதன் விளைவை 2018-ல் வெளியிட்டார்கள். ஆடியவர்கள் கிராம ஜனங்களே. கொஞ்சம் நீர் குடிக்கும் பயிர், அதிகம் நீர் குடித்து அதிக வரும்படி தரும் பயிர் என்ற இரண்டில் ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோர் கிணற்றுக்கும் அடியில் இருக்கும் நீர் ஒன்றே. முதலில் பேசாமலும் பிறகு பேசியும் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஊரார் கூடி அதைப் பற்றி விவாதித்தார்கள்.

பின்னர் வந்த வருஷத்தில் பார்த்தபோது, விளையாட்டு நடந்த கிராமங்கள் மற்றக் கிராமங்களைவிட நீர்ப் பதிவேடு வைப்பதிலும் நிலத்தடி நீருக்கு விதி செய்வதிலும் முன்னேறியிருந்தன. ஆனால் பயிரை மாற்றுவதில் அத்தகைய பலன் காணப்படவில்லை. இவ்விரண்டு செய்திகளையும் நாம் சேர்த்தே சொல்கிறோம். விளையாட்டு கண்ணைத் திறக்கும். கடனும் சந்தை விலையும் கட்டிப்போட்ட கையை அது தனியாக அவிழ்த்துவிடாது. அப்படி அவிழ்க்கும் என்று சொல்லி யந்திரம் விற்க வருபவரை நம்பவேண்டாம்.

நல்லம்பள்ளி வட்டாரத்துக்கு இந்த நீர் விளையாட்டு மிகவும் பொருந்தும். தர்மபுரி ஜில்லாவின் நிலத்தடி கடும் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரே கிணற்று நீர். பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைந்து பல ஊர்களில் பல்லையும் எலும்பையும் கெடுத்துவந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம். வேறு நீர் இல்லாவிடில் 1.5 வரை பொறுக்கலாம். இத்தொல்லையைத் தீர்ப்பதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவேரி நீர் குழாயில் வந்ததனால் நிலத்தடி நீரை மறந்துவிடலாகாது. பயிருக்கும் ஆட்டுக்கும் இன்னும் அந்த நீரே கதி. ஒருவன் 500 அடி துளைத்தால் அடுத்தவன் 800 அடி துளைப்பான். முன்னவன் மறுபடி கடன் வாங்கி 1,000 அடிக்குப் போவான். இந்த ஓட்டப் பந்தயத்தில் ஜயிப்பவர் யாருமில்லை என்பதைத் திரையில் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வாழ்க்கையில் பார்ப்பதற்கு இருபது வருஷமும் ஒரு நிலத்தின் விலையும் செலவாகின்றன.

ஆக்ஷேபங்களுக்குச் சமாதானம்

ஏரியும் காடும் பக்கத்திலிருக்கத் திரையில் பொம்மை ஆடு எதற்கு என்று சில பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏரியைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்ப்பவன் சூழலியல் கற்றவனாக மாட்டான். ஆனால் ஏரியை ஒரு நாள் பார்ப்பவன் ஒரு நாளைத்தான் பார்க்கிறான். இருபது வருஷம் சேர்ந்தாற்போல் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் காண முடியாது. நேரில் பார்ப்பது ஒரு கண், பாவனை மற்றொரு கண்.

கணக்கை அப்படியே நம்பவும் கூடாது. ரஷ்ய விஞ்ஞானி காஸ் என்பவர் வோல்ட்டெர்ராவின் கணக்கைச் சோதிக்க எண்ணிக் கண்ணாடிக் குழாயில் நுண்ணுயிர்களை வளர்த்து 1934-ல் முடிவை வெளியிட்டார். கணக்கு சொன்னபடி அவை ஏறி இறங்கவில்லை. வேட்டை உயிர் இரை முழுவதையும் தின்றுவிட்டுத் தானும் மடிந்தது. இரைக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததும், அவ்வப்போது வெளியிலிருந்து புதிய உயிர்களைச் சேர்த்ததும் முடிவை மாற்றின. கணக்கு ஓர் ஊகம். அதன் நியாயஸ்தலம் நிலம். இந்த மனப்பான்மையை ஊட்டாத விளையாட்டு வெறும் பொழுதுபோக்கேயாகும்.

யந்திரத்துக்கு எங்கே போவது என்ற ஆக்ஷேபம் இப்போது செல்லாது. 1984-85-லேயே இந்திய சர்க்கார் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிவைப் புகுத்தும் திட்டம் தொடங்கினார்கள். 2011-ல் தமிழக சர்க்கார் மாணாக்கருக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைந்தன. நெட்லோகோ போன்ற சாதனம் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் விதிகளைத் திறந்து பார்த்து மாற்றுவதற்கும் தடையில்லை. மின்சாரம் நின்றால் தாயக்கட்டையும் புளியங்கொட்டையும் வைத்தே நீர் விளையாட்டை நடத்தலாம். குறைவாயிருப்பது பாடமே.

செய்யவேண்டியது

ஆகவே நாம் வற்புறுத்துவது இவைதாம். முதலாவது, பாவனை விளையாட்டுகளின் பாஷை தமிழாயிருக்க வேண்டும். ஆங்கிலப் பொத்தானைத் தடவிப் பார்ப்பதில் கிராமத்துச் சிறுவனின் அறிவு வீணாகக்கூடாது. இரண்டாவது, விதிகள் யாவும் மாணாக்கர் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியவையாயிருக்க வேண்டும். மூன்றாவது, அதில் இடும் எண்கள் அந்தந்த ஊரில் அளந்து எடுத்தவையாக வேண்டும். நல்லம்பள்ளி மாணாக்கர் மாதந்தோறும் கயிறும் கல்லும் கொண்டு கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கலாம்; சந்தையில் ஆடுகளை எண்ணி விலையைக் குறிக்கலாம்; மழைமானியைப் பார்த்து எழுதலாம். நான்காவது, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் விவாதத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆந்திரத்தில் ஊராரைக் கூட்டி வைத்துப் பேசச் செய்ததை மறக்கக்கூடாது. ஐந்தாவது, உபாத்தியாயர்களுக்குத் தக்க பயிற்சி அளிக்க வேண்டும். அவர்கள் தலையில் இன்னொரு பதிவேட்டைச் சுமத்துவதால் பயனில்லை.

அன்னியர் கருவியை நாம் வெறுக்கவில்லை. கருவி எவருடையதாயினும் கேள்வி நம்முடையதாயிருக்கவேண்டும் என்கிறோம். அயல்நாட்டுப் புல்வெளியில் ஓநாய் எத்தனை ஆட்டைத் தின்றது என்று கணக்கிடத் தெரிந்து, தன் ஊர்க் கிணறு சென்ற வருஷத்தைவிட எத்தனை அடி இறங்கியது என்று தெரியாத படிப்பு சுதேசப் படிப்பாகுமா?

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அங்கம் வகிப்போரும் பஞ்சாயத்துகளில் உழைப்போரும் இப்பத்திரிகையின் வாசகர்களில் பலர் உண்டு. அவர்களை ஒன்று வேண்டுகிறோம். வருகிற அக்டோபர் 2-ந் தேதி காந்தி ஜயந்தியன்று கிராம சபை கூடும்போது, உங்கள் ஊர் மாணாக்கர் அளந்த கிணறுகளின் கணக்கையும் அவர்கள் ஆடிப் பார்த்த நீர் விளையாட்டின் முடிவையும் சபை முன் வைக்கச் செய்யுங்கள். பெரியவர்கள் மறுக்கட்டும், மாணாக்கர் பதில் சொல்லட்டும், விதி தவறென்றால் சபையே திருத்தட்டும். அடுத்த ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கப் புறப்படுமுன் ஊரார் ஒரு முறையேனும் அந்தக் கோட்டுப்படத்தைப் பார்த்துவிட்டால், கோர்ட்டார் 1991-ல் இட்ட கட்டளை நல்லம்பள்ளியில் நிறைவேறியதென்று நாம் கொள்ளலாம்.